ஓர் எழுத்து மிகை

பனச்சமூட்டில் இறங்கி
சோதனைச்சாவடிக்கு முன்பே இடப்பக்கம் திரும்பி
ரப்பர் மரங்களுக்குள் அரை மைல்.
மழை விட்டிருந்தது. சிரட்டைகளில் பாலோடு தண்ணீர்.
பையில் ஆயரின் கடிதம், நான் தட்டச்சு செய்தது,
மூன்று பிரதி, முத்திரை வைத்தது,
கையெழுத்து வாங்கி வர ஒரு நோட்டு.

எல்லைக்கல் அவர்கள் கோழிக்கூட்டின் பின்னால் நிற்கிறது.
கோயிலுக்குக் கரண்டு தமிழ்நாடு.
கல்லறைக்குக் கரம் கட்டுவது பாறசாலைப் பக்கம்.
பதினோரு வருடமாக இரண்டு மறைமாவட்டங்களும்
"அவர்கள் உங்களுடையவர்கள்" என்று
ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்ட கோப்பு
எங்கள் அலமாரியில் ஒரு முழத் தடிமன்.

ஏழு பேர்.
பூசை என்பார்கள், திருப்பலி என்று சொல்ல வராது.
அருள் அவர்களுக்கு இன்னும் பிரியதத்தம்,
கடவுள் சர்வேசுரன்.
குருவானவர் முதுகைக் காட்டி நிற்பது சரியா என்று
விசாரணைக் குழு கேட்டதற்கு
"கிழக்கே பார்க்கிறவருக்கு முதுகு மேற்கில்தான் இருக்கும்"
என்று சிஸ்டர் பெர்ப்பெத்துவா சொன்னது
கோப்பில் உண்டு, பக்கம் நாற்பத்திரண்டு.
குழு சிரித்ததா என்று குறிப்பில்லை.

வரப்பிரசாதம் சாமியாரைச் சித்திரையில்
மலைப்பங்கு ஒன்றுக்கு மாற்றினோம்.
மாற்றினோம் என்கிறேன்,
ஆணையை அடித்தவள் நான்.
அதன்பிறகு அங்கே பூசையில்லை.

அப்படித்தான் நினைத்துப் போனேன்.
காலை ஆறேகால். கிராதிக்கு இந்தப்பக்கம் ஒரு பெஞ்சு.
பீடத்தில் யாருமில்லை, இரண்டு மெழுகுதிரி மட்டும்.
தாங்கள் பாட வேண்டிய வரிகளைப் பாடினார்கள்.
குரு சொல்ல வேண்டிய இடங்களில்
அவர் சொல்லி முடிக்க ஆகும் நேரத்துக்கு
வாய் மூடி இருந்தார்கள்.
தகரத்திலிருந்து சொட்டும் நீர்,
தோட்டத்தில் பால்வெட்டுகிறவரின் போனில்
மலையாளச் செய்தி, நெல்விலை.
எழுந்தேற்றம் வந்திருக்க வேண்டும்;
மணிக்கயிற்றைப் பிடித்தவள்
இழுக்காமல் பிடித்தபடி நின்றாள்.

கடைசி மன்றாட்டில் ஒரு பெயர்.
தெயோபிலோ.
வேற்றுமை உருபு ஏறியிருந்தாலும் ஆள் எங்கள் ஆயர்தான்.
தினமும் சொல்கிறார்களாம்,
அவர் ஆணை வந்த நாட்களிலும்.

மதர் யூஸ்தோக்கியா நின்றபடியே வாசித்தார்.
ஆடி முடியுமுன் சாவியை ஒப்படைக்க வேண்டும்,
ஏழு பேரும் ஏழு இல்லங்களுக்குப் போக வேண்டும்
என்ற இடத்தில் கண் நிற்கவில்லை.
கையொப்பத்துக்கு மேல்வரியில் நின்றது.
சட்டைக்கையிலிருந்து பென்சில் எடுத்துச் சுழித்தார்.

"காரித்தாத்தே என்றால் அன்பில்.
நீ ஒரு எம் கூட்டியிருக்கிறாய், மகளே.
இன் காரித்தாத்தெம் என்றால் அன்பை நோக்கி.
இருக்கிறாரா, வந்துகொண்டிருக்கிறாரா
என்று ஆண்டகையிடம் கேட்டு வா.
கையெழுத்து அதற்கப்புறம் போடுகிறேன்."

ஆறு முட்டை தந்தார், தவிட்டில் பொதிந்து, ஆண்டகைக்கு.
மஞ்சள்கரு நாளுக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம்
என்றும் சொல்லச் சொன்னார்.
அவருக்கு இரத்தத்தில் கொழுப்பு என்று
யார் சொல்லியிருப்பார்கள்.

பஸ்ஸில் மடியில் ஆணை, ஆணைமேல் முட்டை.

ஆயர் முதலில் கோபப்பட்டார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி
பென்சில் சுழியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.
"இந்த உருபுக்குத்தான் செமினாரியில்
என்னை முழங்காலில் நிறுத்தினார்கள்" என்றார்.
திருத்தி அடி என்றார்.
பழைய கோப்பு கணினியில் இருந்தது, ஒரு எழுத்துத்தான்.
ஆனால் முதல்வரியிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்,
நானும் அடித்தேன்,
சாவி, ஆடி மாதம், ஏழு இல்லம்.
இன் காரித்தாத், என்று வந்து நிறுத்தினார்.

விரல் எம்மின் மேல்.
எம் போடவா என்று நான் கேட்கவில்லை.
முட்டைகளில் ஒன்று பஸ்ஸிலேயே விரிசல் விட்டிருந்தது போல,
தவிடு நனைந்து மேசையில் மெல்ல ஊறியது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.